ஏரியலைத் திருப்புகிறவள்

பத்தரைக்குப் பிரேதத்தை எடுத்தார்கள். ஒழுங்கை முடக்கில் பறைச் சத்தம் திரும்பும்வரை பெண்கள் படலையடியில் நின்றார்கள். அதற்கு அப்பால் பெண்கள் போவதில்லை. எல்லோரும் பாடையைப் பார்த்தார்கள். குணேஸ்வரி வானத்தைப் பார்த்தாள்.

முகில் இல்லை. கச்சான் காற்று முந்தநாளே விழுந்துவிட்டது. தென்னோலை ஒன்றும் அசையவில்லை.

"அழுங்கோ மச்சாள்," என்றாள் புஷ்பவதி. செத்தவரின் தங்கை. குணேஸ்வரியின் தோளைப் பிடித்தபடி நின்றாள். "அழாமல் நிண்டால் உள்ளுக்குக் கட்டிப்போடும்."

"அழுதனான்."

"எப்ப?"

பறைச் சத்தம் கடைத்தெருப் பக்கம் போய்க் கரைந்தது. யாரோ ஒரு பெண் படலையைச் சாத்தினாள்.

குணேஸ்வரியின் புருஷன் இரத்தினசிங்கம் முதல்நாட் காலை கிணற்றடியில் விழுந்தார். ஒரு வாளி தண்ணீர் ஊற்றிய சத்தம் கேட்டது. அடுத்த வாளியின் சத்தம் வரவில்லை. குசினியில் நின்ற குணேஸ்வரி, வராத அந்தச் சத்தத்துக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு போய்ப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் இருதயம் என்றார்கள். ஐம்பத்தாறு வயது. தலையிடி என்றுகூட ஒருநாள் பாயில் கிடந்ததில்லை.

வீட்டைக் கழுவத் தொடங்கினார்கள். பிரேதம் கிடந்த இடத்தில் விளக்கு வைத்தார்கள். மட்டிக்களியில் அந்த வீடு துறைமுகத்தை ஒட்டி இருந்தது. வாசலில் தண்ணீரை ஊற்றினால் அது தானாகவே கடற்பக்கம் ஓடும். குணேஸ்வரி ஒரு தூணில் சாய்ந்து அந்தத் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் தாலி இல்லை. கை அடிக்கடி அங்கே போய்த் திரும்பி வந்தது.

காலையில், பிரேதத்தைக் குளிப்பாட்டுவதற்கு முன், ஆனந்தராசா அவளை வீட்டுக்குப் பின்னால் கோடிப்பக்கம் கூப்பிட்டிருந்தான். அவன் செத்தவரின் தம்பி. அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். இந்த வீட்டில் பிள்ளைகள் இல்லை. கொள்ளி வைக்கிறவன் அவன்தான். தோளில் துண்டோடு நின்று கூரைக்கு மேலே நின்ற ஏரியலைப் பார்த்தான்.

"மச்சாள், உதை இண்டைக்கே இறக்கவேணும்."

"இண்டைக்கோ?"

"சுடலையால வந்த கையோட. ரெண்டு பேரிட்டைச் சொல்லியிருக்கிறன். லைசன்ஸ் அண்ணையின்ர பேரில. ஆள் இல்லையெண்டால் லைசன்சும் இல்லை. துறைமுகத்துக்குப் பக்கத்தில, தமிழாக்களின்ர வீட்டில, லைசன்ஸ் இல்லாத ரேடியோ செற். விளங்குதுதானே?"

"விளங்குது."

"நேவிக்காரர் ஜீப்பில போகேக்க நிமிர்ந்து பார்த்துக்கொண்டுதான் போறாங்கள். இவ்வளவு நாளும் அண்ணை கடுதாசியைக் காட்டினார். இனி நீங்கள் எதைக் காட்டுவியள்? வெள்ளைச் சீலையையோ?"

"ஸுஹைருக்குச் சொல்லவேணும்."

"நான் கடிதம் போடுறன்."

"போய்ச் சேர ரெண்டு கிழமை செல்லும்."

"செல்லட்டும். ரெண்டு கிழமை முந்திச் சொன்னால் ஆள் எழும்பி வரப்போறாரோ?"

சொன்ன பிறகுதான் அவனுக்கு அது உறைத்தது. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு முன்பக்கம் போனான்.

இரண்டு கிழமை. அதைத்தான் குணேஸ்வரி காலையில் இருந்து நினைத்துக்கொண்டிருந்தாள். ஸுஹைர் மூதூர்க்காரன். இரத்தினசிங்கத்தோடு துறைமுகத்து வானொலிப் பட்டறையில் ஒன்றாக வேலை செய்தவன். இப்போது மஸ்கற்றில் இருக்கிறான். அங்கேயும் துறைமுகம், அங்கேயும் வானொலி. ஒவ்வொரு நாளும் பகலில் ஒஸ்கார் கடக்கும்போது அவன் இரத்தினசிங்கத்தைக் கூப்பிடுவான். இரத்தினசிங்கம் பதில் சொல்லுவார். இனி இரண்டு கிழமைக்கு அவன் செத்தவரைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பான். யாரும் வாங்காத அந்தக் கூப்பாடு இந்தக் கூரையின்மேல் நாள்தோறும் விழுந்துகொண்டிருக்கும். செற்றை எடுத்துவிட்டால் விழுவது கேட்காது. கேட்காவிட்டால் விழவில்லை என்று ஆகுமோ?

அவள் சொல்லவேண்டும். இன்றைக்கே சொல்லவேண்டும். வேறு எதைப் பற்றியும் அவள் நினைக்கவில்லை.

ஒஸ்கார் என்பது ஒரு பெட்டி. பொழுதுபோக்காக வீட்டில் வானொலி நிலையம் வைத்திருப்பவர்கள் தங்களுக்கென்று செய்து, பெரிய ரொக்கெற் ஒன்றில் இடம் கேட்டு மேலே அனுப்பியது. அது உலகத்தைச் சுற்றும். கீழே இருந்து ஓர் அலையில் போகும் ஓசையை வாங்கி, இன்னோர் அலையில் கீழே விடும். ஆள் கீழே மோர்ஸில், புள்ளியும் கோடுமான தந்தி மொழியில், அடித்தது மேலே போய் அவனுடைய காதுக்கே திரும்பி வரும்.

தன் வீட்டு நிலையத்தைக் கட்ட இரத்தினசிங்கத்துக்கு இரண்டு வருஷம் பிடித்தது. துறைமுகத்தில் கழித்துப் போட்ட சாமான்களை ஏலத்தில் எடுத்தார். வால்வுகளைச் சட்டைப்பைக்குள் முட்டை கொண்டுவருவதுபோலக் கொண்டுவந்தார். அலுமினியக் கம்பிகளை அளந்து வெட்டி ஒரு நீள மரச்சட்டத்தில் வரிசையாகக் கோத்தார். அது கூரைக்கு மேல் ஏறிய அன்று பக்கத்து வீட்டு ஆமினா உம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, திருக்கை முள்ளக் காயப் போட்டிரிக்கீங்க?"

"மேலே ஒரு மீன் வருது உம்மா. பிடிக்கத்தான்."

"பிடிச்சா எனக்கும் ஒரு துண்டு தாங்க."

மூன்று மாதமாக மீன் பிடிபடவில்லை. அவர் அடித்தார், மேலிருந்து ஒன்றும் திரும்பவில்லை. இரைச்சல் மட்டும் வந்தது. பிறகுதான் கண்டுபிடித்தார்: பெட்டி ஓடிக்கொண்டிருக்கிறது, ஏரியல் நின்றுகொண்டிருக்கிறது. ஓசையை வாங்குகிற கம்பி தென்னையில் இருந்து கூரைக்குக் கட்டியது. அது எந்தப் பக்கத்தில் இருந்து வருவதையும் வாங்கும். ஓசையை அனுப்புகிற ஏரியல் அப்படி அல்ல. அது பெட்டியை முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். ஆகவே அது நின்ற இரும்புக் குழாயைக் கூரையின் பக்கவாட்டால் நிலம்வரை இறக்கி, சீமெந்துக் குழி ஒன்றில் நிறுத்தினார். நெஞ்சு உயரத்தில் பழைய சைக்கிள் கைபிடி ஒன்றை ஒட்டவைத்தார். பிறகு குசினி வாசலில் வந்து நின்றார்.

"ஒருக்கா வாரும்."

"கறி அடுப்பில கிடக்குது."

"இறக்கிப்போட்டு வாரும்."

அன்றையிலிருந்து அவள் வெளியே நின்று திருப்பினாள். அவர் உள்ளே இருந்து அடித்தார். தொடக்கத்தில் யன்னலால் சத்தம் போடுவார்: இன்னும் மேற்கை, கொஞ்சம் விடும், கெதியா. பிறகு அது தேவைப்படவில்லை. எண்ணெய்த் தாங்கிகளின் பக்கம் தொடங்கி, துறைமுகத்தின் மேலாக மேற்கே போய், கடற்படைக் கொடிமரத்துக்கு வந்து விடவேண்டும். வெறும் ஆகாயத்தில் அவளுக்கு ஒரு தடம் தெரிந்தது. ஒரே சீராக, ஒரே இழுப்பில் திருப்புவாள். அம்மி அரைக்கிற கை.

உள்ளே அவர் காதில் ஹெட்போன் போட்டிருப்பார். வெளியே நிற்கிறவளுக்கு ஒன்றும் கேட்காது. சோறு போடும்போது கேட்பாள்.

"ஸுஹைர் என்ன சொன்னவன்?"

"அங்கை வெய்யிலாம்."

"வேற?"

"வேற என்ன, வெய்யில்தான்."

இருபது நிமிஷம் வெயிலில் நின்றது அங்கே வெயில் என்று அறியத்தானா என்று அவள் ஒருநாள் கேட்டாள். அவர் சிரித்தார். வீட்டில் அதிகம் பேசாத மனுஷன். ஸுஹைரோடு மணிக்கணக்கில் பகிடி விட்டுக் கதைக்கக்கூடியவர் என்று ஊர் சொல்லும். அவள் கேட்டதில்லை.

கேட்டிருந்தால் அவளுக்கு விளங்கியிருக்கும். அவர்கள் இரண்டு பேரும் மோர்ஸில் ஆங்கில எழுத்துகளால் தமிழ் அடிப்பவர்கள். கலியாணத்துக்கு முன் குணேஸ்வரி தபாற்கந்தோரில் தந்தி அடித்தவள். லைசன்சுக்கான பரீட்சையில் இரத்தினசிங்கம் மோர்ஸில் இரண்டு முறை தவறியபோது, குசினி மேசையில் கரண்டியால் தட்டித் தட்டி அவள்தான் பழக்கினாள். ஒவ்வொருவருடைய எழுத்து ஒவ்வொரு மாதிரி இருப்பதுபோல மோர்ஸ் அடிக்கிற கையும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். கேட்டுப் பழகியவனுக்கு ஆள் யார் என்று தெரியும். குணேஸ்வரி ஒரு சொல்லின் கடைசிக் கோட்டைக் கொஞ்சம் இழுத்து விடுவாள். அதையும் அவர் அப்படியே பிடித்துக்கொண்டார்.

லைசன்ஸ் கிடைத்த பிறகு, மோர்ஸ் தட்டுகிற கீயை அவள் தொட அவர் விட்டதில்லை.

"லைசன்ஸ் இல்லாத கை. பகிடி இல்லை, பொலிஸ் பிடிச்சு மறியலுக்குப் போகவேண்டிவரும்."

அவள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. தொட ஆசைப்பட்டதும் இல்லை. இன்றைக்கு மட்டும்தான்.

வீடு கழுவி முடிந்தது. பெண்கள் தலை முழுகவேண்டும். எல்லோரும் கோடிக்குப் போய்க் கிணற்றைப் பார்த்தபடி நின்றார்கள். வாளி விழுந்த இடத்திலேயே கிடந்தது. ஒருவரும் அதை எடுக்கவில்லை.

ஆமினா உம்மா வேலியில் ஆள் புகும் பொட்டுக்குள்ளால் தலையை நீட்டினார். வந்தவர்களுக்குச் சோறு ஆக்கிக்கொண்டு நின்ற கை ஈரமாக இருந்தது.

"ஏன் புள்ளையள் நிக்கீங்க? எங்கட கிணத்துக்கு வாங்க. தண்ணி தண்ணிதானே. ஆம்புளைகள் ஒருத்தரும் ஊட்டில இல்ல, எல்லாம் மையத்தோட சுடலைக்குப் போயிட்டாங்க."

பெண்கள் மறுபேச்சில்லாமல் பொட்டுக்குள்ளால் புகுந்தார்கள். புஷ்பவதி மட்டும் திரும்பி வந்தாள்.

"மச்சாள், வாங்கோ."

"நீங்கள் போங்கோ. பிறகு வாறன்."

"உங்களைத் தனிய விட ஏலாது. இப்பதான் ஆளை எடுத்தது."

"விளக்கைப் பார்க்க ஆள் வேணும்தானே."

"விளக்கு எங்கையும் ஓடாது."

"விடுங்க புள்ள," என்றார் ஆமினா உம்மா வேலிக்கு அப்பால் இருந்து. "முப்பது வருசம் ஒரு ஆளோட இருந்தவ. கொஞ்ச நேரம் ஆள் இல்லாம இருந்து பார்க்கட்டும். நாம இஞ்ச கூப்பிடு தூரம்தானே."

புஷ்பவதி அண்ணியை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு போனாள். மறுபக்கம் கப்பி சுழலும் சத்தமும் தண்ணீர் விழும் சத்தமும் தொடங்கின.

குணேஸ்வரி கோடியில் தனியே நின்றாள். சூரியன் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. நேற்றையதைவிட இன்றைக்கு ஒஸ்கார் கொஞ்சம் பிந்தி வரும். அது அவளுக்குத் தெரியும். நேற்று அது வந்த நேரத்தில் அவள் ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்திருந்தாள். அப்போதும் நினைத்தாள்.

குழாயின் கைபிடியைப் பிடித்தாள். வெயிலில் காய்ந்து கொதித்தது. ஏரியலை எண்ணெய்த் தாங்கிகளின் பக்கம் திருப்பி நிறுத்தினாள். குழாய் தானாக அசையாமல் இருக்கக் குழிக்குள் ஒரு மர ஆப்பு வைப்பார்கள். அதை அடித்து இறுக்கிவிட்டு உள்ளே போனாள். நடு அறையைக் கடக்கும்போது விளக்கை மிதிக்காமல் ஓரமாக நடந்தாள். பக்கத்தறைக் கதவைச் சாத்தினாள். சாத்திய பிறகு, ஆப்பை அடித்தேனா என்று நினைத்தாள். அடித்த மாதிரியும் இருந்தது, அடிக்காத மாதிரியும் இருந்தது. திரும்பிப் போய்ப் பார்க்க நேரம் இல்லை.

அந்த அறையில் அவர் போட்டுவிட்டுப் போனது போட்டபடி இருந்தது. கதிரை மேசையில் இருந்து கொஞ்சம் விலகி, யாரோ இப்போதுதான் எழும்பிப் போனதுபோல. அவள் மின் ஆளிகளைப் போட்டாள். வால்வுகள் மெல்லச் சிவந்தன. சூடாகும் தூசின் மணம் வந்தது. செற் இரைந்தது. அவள் கதிரையின் நுனியில் உட்கார்ந்தாள். ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்தாள். மற்றக் காது பெண்கள் வருவதைக் கேட்பதற்கு.

இரைச்சல். கடலைப்போல ஓர் இரைச்சல், ஆனால் அலை இல்லாதது. அவள் குமிழைத் திருப்பினாள். இரைச்சல். கொஞ்ச நேரத்தில் அதற்குள் ஒரு மெல்லிய கீச்சு. நூல்போல வந்தது. பிறகு திறந்துகொண்டு வந்தது.

நாலு, எஸ், ஏழு. பிறகு இன்னும் இரண்டு எழுத்து. அது இரத்தினசிங்கத்தின் அழைப்புக்குறி. அரசாங்கம் கொடுத்தது, உலகத்தில் வேறு ஒருவருக்கும் இல்லாதது. அது மூன்று முறை வந்தது. நின்றது. மறுபடியும் மூன்று முறை வந்தது. படலையடியில் நின்று ஆளைக் கூப்பிடுவதுபோல இருந்தது.

இந்நேரம் கொள்ளி வைத்திருப்பார்கள்.

குணேஸ்வரி கீயைத் தொட்டாள். பித்தளைக் கைபிடி குளிர்ந்திருந்தது. முதலில் யார் கூப்பிடுகிறது என்று சொல்லவேண்டும். அதுதான் முறை. அவளுக்கென்று ஓர் அழைப்புக்குறி இல்லை. வேறு எதைச் சொல்லித் தொடங்குவது? முப்பது வருஷத்துக்குப் பிறகு அவள் கை கீயில் அசைந்தது. நாலு, எஸ், ஏழு.

இமைப்பதற்குள் அது மேலே போய்த் திரும்பி வந்தது. அடித்தது அவள்தான். ஆனால் காதில் கேட்டது அவருடைய கை. கடைசிக் கோட்டை இழுத்து விடுகிற அந்தக் கை. அவள் கீயில் இருந்து விரலை எடுத்தாள். கேட்டுக்கொண்டிருந்தாள். எடுத்தவுடன் அது நின்றது. ஒரு கணம் பிந்தி நின்றதுபோல இருந்தது.

ஸுஹைர் வந்துவிட்டான். எழுத்தெழுத்தாக, விறுவிறு என்று.

"மச்சான். நேத்து ஆளக் காணல்ல. நான் கூப்பிட்டுக் கூப்பிட்டு விரல் நோவுது. இண்டைக்கு நல்லாக் கேக்குது. கையும் பதறாமப் போகுது. என்ன, மதினி நேத்து மீனாணம் ஆக்கித் தந்தாவா, ஏச்சுத் தந்தாவா?"

குணேஸ்வரியின் உதட்டோரம் அசைந்தது. அசைந்ததை உணர்ந்து அவள் இடக்கையால் வாயைப் பொத்தினாள். வேலிக்கு அப்பால் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. நடு அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இவன் இந்த உலகத்தில் இரத்தினசிங்கம் உயிரோடு இருக்கிற ஒரே இடத்தில் இருந்து கதைக்கிறான்.

அவள் அடித்தாள். "ஸுஹைர். நான்"

நின்றாள். அந்தக் கையில் நான் என்று அடித்தால் அது அவர். மறுபடியும் தொடங்கினாள்.

"அவர் நேற்றுக் காலை"

மேலிருந்து திரும்பி வரும் ஓசை மெலிந்தது. அவள் குமிழைத் திருப்பினாள். மெலிந்துகொண்டே போனது. கை நிற்கவில்லை. நிறுத்தினால் பிறகு அடிக்க வராது என்று தெரிந்தது. செத்துப்போனார் என்று அடித்தாள். ஒவ்வோர் எழுத்தாக, ஒன்றும் விடாமல், தபாற்கந்தோரில் எத்தனையோ வீடுகளுக்கு அடித்த அதே சொல்லை. முடித்துவிட்டுக் கேட்டாள். அந்தச் சொல் திரும்பி வரவில்லை. வெறும் இரைச்சல்.

மேலே போகவில்லை.

ஏரியல் இன்னும் எண்ணெய்த் தாங்கிகளைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஒஸ்கார் துறைமுகத்துக்கு மேலே போய்விட்டது. வெளியே நிற்கவேண்டியவள் உள்ளே இருந்தாள்.

ஸுஹைருடைய ஓசை மட்டும் குறையாமல் வந்தது.

"மச்சான்? கேக்கல்ல. மச்சான்? திரும்ப அடி."

ஓடிப்போய்த் திருப்பிவிட்டு வரலாம். பத்துப் பன்னிரண்டு எட்டுத்தான். அவள் எழும்பினாள். ஹெட்போன் வயர் தலையை இழுத்தது. அதைக் கழற்றக் கையைத் தூக்கியவள் அப்படியே நின்றாள்.

வெளியே குழாய் அரைபட்டது.

சீமெந்துக் குழிக்குள் இரும்பு அரைபடும் சத்தம். அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். நாள்தோறும் அவள் கைக்குள்ளால் வந்த சத்தம். கொஞ்சம் அரைபட்டது, நின்றது. மறுபடியும் கொஞ்சம் அரைபட்டது, நின்றது. காற்று இல்லை. வேலிக்கு அப்பால் புஷ்பவதி யாரிடமோ சவர்க்காரம் கேட்டாள். ஆமினா உம்மா ஏதோ சொன்னார். எல்லோரும் அங்கேதான் நின்றார்கள்.

அவள் திருப்புகிற மாதிரி இல்லை. அவள் ஒரே இழுப்பில் திருப்புவாள். இது விட்டு விட்டு, பார்த்துப் பார்த்து. பழக்கம் இல்லாத கை. உள்ளே இருந்து யாராவது இன்னும் மேற்கே என்று சொல்லவேண்டும் என்று காத்து நிற்கிற கை.

யன்னல் இடப்பக்கம் இருந்தது. பாதி திறந்திருந்தது. தலையைத் திருப்பினால் போதும்.

குணேஸ்வரி தலையைத் திருப்பவில்லை. மெல்ல உட்கார்ந்தாள். இந்த முறை கதிரையின் நுனியில் அல்ல. கீயை ஒரே ஒரு முறை அழுத்தினாள். ஒரு புள்ளி.

அது மேலே போய் வந்தது. காதுக்குள் யாரோ விரலால் தட்டியதுபோல, அவ்வளவு தெளிவாக, அவ்வளவு கிட்டத்தில்.

குழாய் இன்னும் கொஞ்சம் அரைபட்டு நின்றது.

ஸுஹைர் உடனே பிடித்துக்கொண்டான்.

"ஆ, வந்திட்டாய். நடுவில ஒண்டும் கேக்கல்ல. இப்ப பக்கத்தில இருந்து கதைக்கிற மாதிரி. மதினி ஏரியலத் திருப்பிட்டா போல."

அவள் விரல் கீயின் மேல் இருந்தது. அழுத்தவில்லை. கீச்சு ஓசை தாழ்ந்து தடித்துக்கொண்டு வந்தது. ஒஸ்கார் தெற்கே சரியத் தொடங்கிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம்தான். ஸுஹைருக்கும் அது தெரிந்திருக்கவேண்டும். இப்போது அவசரமாக அடித்தான்.

"மச்சான், அவ வெளியில நிக்கிற நேரத்தோட கேக்கிறன். உன்ட நெஞ்சப் பத்தி டாக்குத்தர் சொன்னத அவக்கிட்ட சொல்லிட்டியா, இன்னும் இல்லையா?"